மூணு கிலோமீட்டர் மண் பாதைக்கு ஒரு வண்டி

நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்குப் போகும்போது, காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதை எந்த வண்டியும் ஏறிவிடும். பஸ் ஏறுகிறது, லோடு லாரி ஏறுகிறது, பழைய பைக்கில் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். சிக்கல் மேலே போன பிறகுதான். தார் ரோடு முடிந்து, மாமனாரின் மிளகுத் தோட்டத்துக்குத் திரும்பும் மூணு கிலோமீட்டர் மண் பாதை. கோடையில் செம்மண் புழுதி, ஐப்பசி பிறந்தால் பாதி ஓடை.

போன ஐப்பசியில் அந்தத் தோட்டத்தில் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. வாடகை ஜீப் பாதி வழியில் சேற்றில் சிக்கிக்கொள்ள, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலு பேர் அவரை பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, ஒரு கிலோமீட்டர் தூக்கி வந்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால், அன்று ராத்திரியே மகள் தன் கணவரிடம் சொல்லிவிட்டாள்: "ஏங்க, நமக்கு ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேணும்."

கணவருக்குக் காதில் தேன் பாய்ந்தது. பத்து வருடமாக அவர் மனதில் இருந்த ஆசை அது. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, பாறை மேல் ஜீப் ஏறும் வீடியோக்களை சத்தமில்லாமல் பார்ப்பவர். ஆனால் இரண்டு பேரும் சொன்னது ஒரே வார்த்தை என்றாலும் நினைத்தது ஒரே வண்டி இல்லை என்பது முதல் ஷோரூமிலேயே தெரிந்துபோனது. அவர் வெறுங்கையோடு போனார். அவள் இரண்டு வயசுப் பையனின் சைல்டு சீட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். கூடவே ஆறு வயசு மூத்தவளும், முழங்கால் வலிக்காரரான மாமியாரும்.

"அத்தையை எதுக்கு வெயில்ல கூட்டிட்டு வர்றே?" என்று கேட்டார்.

"ஏறி உட்காரப் போறவங்க ஏறிப் பார்க்க வேண்டாமா?"

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வண்டி பார்க்கும் யாரும் செய்ய வேண்டிய வேலை இது. குதிரைத்திறனும் டார்க்கும் புத்தகத்தில் இருக்கும். சைல்டு சீட் உட்காருகிறதா என்பது வண்டிக்குள் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பின் சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடத்தில் ஐசோஃபிக்ஸ் என்ற இரும்பு வளையம் இருக்கும். சீட் அதில் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். பெல்ட்டால் கட்டுகிற சீட் என்றால் எட்டுக்குத் தகுந்த நீளத்துக்குப் பெல்ட் வர வேண்டும். பின்னோக்கி உட்காரும் கைக்குழந்தை சீட்டை, ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் குழந்தையின் தலையைத்தான் முதலில் அடிக்கும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். இது பல பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் மடியில்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் பார்த்தது மூணு கதவு மஹிந்திரா தார். கணவரின் கனவு வண்டி. 2020-ல் வந்த புதிய தார், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நாலு ஸ்டார் வாங்கியது. தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் 226 மில்லிமீட்டர் இடைவெளி. மண் பாதைக்கு வேறென்ன வேண்டும்? ஆனால், பின் சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. முன் சீட்டை மடக்கி, அந்தச் சந்தில் நுழைந்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் சீட்டில் கட்ட வேண்டும். மனைவி ஒருமுறை செய்து பார்த்தாள். வெளியே வரும்போது பையன் அழுதுகொண்டிருந்தான், அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுவுமில்லாமல் நாலு சீட். வீட்டில் ஐந்து பேர்.

அடுத்து ஐந்து கதவு ஜிம்னி. 2023-ல் மாருதி கொண்டுவந்தது. 1.5 லிட்டர் பெட்ரோல், 210 மில்லிமீட்டர் இடைவெளி, ஆறு ஏர்பேக், எல்லா மாடலிலும் ஃபோர் வீல் டிரைவ். எடை குறைவு என்பதால் சேற்றில் மற்ற வண்டிகள் புதைகிற இடத்தில் இது மேலோட்டமாகப் போய்விடும் என்பது மலை டிரைவர்களின் அனுபவம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மட்டும் என்றால் யோசிக்காமல் இதை வாங்கிவிடலாம். பலரும் பெரிய வண்டி மோகத்தில் இதைத் தாண்டிப் போய்விடுவது பாவம். ஆனால், இதுவும் நாலு சீட்தான். பின் சீட் நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் 208 லிட்டர் இடம். பிள்ளைகளின் துணிப் பை, பால் டப்பா, மாமனாரின் மாத்திரைப் பெட்டி வைத்தால் நிறைந்துவிடும். திரும்பி வரும்போது மூட்டை மிளகும் பலாப்பழமும் எங்கே போகும்?

மாமியார்தான் வழி சொன்னார். "நாலு சீட்டே போதும்பா. நான் எதுக்கு மலைக்கு? வீட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"அப்படியெல்லாம் இல்லை அத்தை. உங்களுக்கும் சேர்த்துத்தான் வண்டி" என்றாள் மருமகள். பேச்சு அங்கே முடிந்தது.

கணவருக்கு அப்போது கொஞ்சம் எரிச்சல்தான். மாமியார், மருமகள் ஒற்றுமையால் பட்ஜெட் ஏறுவதை எந்த ஆண்தான் எதிர்பார்த்திருப்பார்!

ஐந்து கதவு ஃபோர்ஸ் கூர்க்கா, மலைக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஏழு பேர் உட்காரலாம். 2.6 லிட்டர் டீசல், 233 மில்லிமீட்டர் இடைவெளி, முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல் லாக். ஒரு சக்கரம் காற்றில் சுற்றினாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும். கணவர் மறுபடியும் உருகினார். ஆனால், ஏறும் உயரத்தைப் பார்த்துவிட்டு மாமியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஏர்பேக் முன்னால் இரண்டு மட்டும். பிள்ளைகள் உட்காரும் பக்கம் இல்லை. மனைவி சைல்டு சீட்டை வெளியே எடுத்துவிட்டாள்.

நடுவில் ஒரு நாள், செம்மேட்டில் முப்பது வருடம் ஜீப் ஓட்டிய ஒருவரிடம் யோசனை கேட்டார்கள். அவர் எந்த வண்டி என்றே சொல்லவில்லை. "பின் சீட்ல உட்கார்ந்து வந்து பாருங்க. ஓட்டறவனுக்கு எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்" என்றார்.

அந்தப் பேச்சில் விஷயம் இருக்கிறது. இந்த ரக வண்டிகள் பெரும்பாலும் லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்தியவை. முரட்டுப் பாதையைத் தாங்கும், ஆனால் தூக்கித் தூக்கிப் போடும். சக்கரங்களுக்கு இடையே நீளம் குறைவாக இருந்தால் மேட்டில் வயிறு தட்டாது. அதே காரணத்தால் பின் சீட் பின் அச்சுக்கு மேலேயே வந்துவிடும். ஒவ்வொரு குழியும் அங்கே உட்காரும் பிள்ளையின் வயிற்றில் இறங்கும். மூத்தவள் பஸ்ஸில் போனாலே இருபதாவது வளைவில் வாந்தி எடுப்பவள். விளம்பரங்களில் பிள்ளைகள் ஜன்னல் வழியே மான் பார்த்துச் சிரிக்கிறார்களே தவிர, யாரும் வாந்தி எடுப்பதில்லை.

அதனால்தான் கடைசியில் தார் ராக்ஸ். 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்த ஐந்து கதவு தார். மூணு கதவு தாரில் சக்கரங்களுக்கு இடையே 2,450 மில்லிமீட்டர், இதில் 2,850. பின் சீட் அச்சுக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஐந்து பேர் உட்காரலாம், ஆறு ஏர்பேக், பாரத் என்கேப் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டுக்கும் ஐந்து ஸ்டார். சைல்டு சீட் ஒரே முயற்சியில் பூட்டிக்கொண்டது. பக்கவாட்டுப் படியில் கால் வைத்து மாமியாரும் ஏறிவிட்டார், இரண்டாவது முயற்சியில். குறை இல்லாமல் இல்லை. சந்துக்குள் திருப்ப நீளம், பின் சீட்டில் குலுக்கல் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

பெரிய குறை விலை. ராக்ஸின் ஆரம்ப விலை அறிமுகத்தின்போது 12.99 லட்சம். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால், அது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. ஃபோர் வீல் டிரைவ் டீசலுக்கு மட்டும்தான், அது 18.79 லட்சத்தில் ஆரம்பித்தது. ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டும். மாடி கட்டச் சேர்த்து வைத்திருந்த பணம் முன்பணத்துக்குப் போகும். மீதிக்கு ஏழு வருடம் தவணை. அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ரெட்டைச் சக்கரமே போதும், மழைக் காலத்தில் போகாமல் இருந்துவிடலாம் என்று இப்போது கணவரே இறங்கி வந்தார். மழைக் காலத்துக்குத்தானே வண்டி என்று அவள் நின்றாள்.

விஷயம் மாமனார் காதுக்கும் போனது. "அந்தக் காசுல ரோடே போட்டிரலாமே மாப்பிள்ளை!" என்றார் போனில்.

சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய பேச்சு இல்லை அது. கணவர் போய்ப் பாதையை நடந்து பார்த்தார். மூணு கிலோமீட்டரில் வண்டி மாட்டுகிற இடம் மொத்தமே 200 மீட்டர்தான். நாலு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து பத்து டிராக்டர் கிராவல் கொட்டினார்கள். தண்ணீர் வடிய ஓரத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். ஆளுக்கு ஆன செலவு ஒரு மாதத் தவணைக்குக் கூடக் கிடையாது. ஆனாலும் வண்டி புக் செய்யப்பட்டது. கிராவல் ஒரு மழைக்குத் தாங்கும், அடுத்த மழைக்கு யார் உத்தரவாதம் என்பது மனைவியின் கணக்கு. மேல் மாடலுக்குத் தாவாமல், கீழ் மாடல் கியர் வண்டியோடு நின்றதில் கணவரின் கணக்கும் கொஞ்சம் நிறைவேறியது. அகல டயரும் முன்னால் இரும்பு பம்பரும் போடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்த இரும்பு பம்பருக்கு 2017-லேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. மோதும்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கும்.

வண்டி வந்ததும் மனைவி முதலில் கற்றுக்கொண்டது, அந்தச் சின்ன லிவரை எப்போது தொடக்கூடாது என்பதை. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடக்கூடாது. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றக் கட்டாயப்படுவதால், கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும், பல்சக்கரங்கள் தேயும். 70 வளைவும் சாதாரண ரெட்டைச் சக்கரத்தில்தான். மண் பாதை ஆரம்பித்ததும் 4ஹெச். செங்குத்துச் சேற்றில் 4எல். இறங்கும்போதும் அதே 4எல்லில் முதல் கியர் போட்டு, பிரேக்கை மிதிக்காமல் இன்ஜினே பிடித்து இறக்கும்படி விட வேண்டும். 650 மில்லிமீட்டர் தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொல்வது ஓடாத தண்ணீருக்கு. ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் இதைவிடப் பெரிய வண்டியையும் தள்ளிக்கொண்டு போய்விடும். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது ஓடையைப் பார்த்தால் நின்றுவிடுவது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள்.

முதல் மழைப் பயணத்தில் மனைவிதான் ஓட்டினாள். மூத்தவள் இந்தமுறை 46-வது வளைவு வரை தாங்கினாள். கிராவல் கொட்டிய 200 மீட்டரில் வண்டி ஒரு இடத்தில் கொஞ்சம் வழுக்கி, பிறகு ஏறிவிட்டது. கணவர் பின் சீட்டில், ஒரு கையில் கவரும் மறு கையில் தண்ணீர் பாட்டிலுமாக, தலையைக் கூரையில் ஒருமுறை இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அப்புச்சி குடையோடு வாசலில் நின்றிருந்தார். பேரனை இறக்கி வாங்கிக்கொண்டு, வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

"மொத்தம் எவ்வளவு ஆச்சு மாப்பிள்ளை?"

"பதிமூணு மாமா" என்றார் மாப்பிள்ளை, மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

"பதிமூணா!" என்று வாயில் கை வைத்தார் பெரியவர்.