பழைய கணினியும் புதிய ஆட்டமும்

கணிப்பொறி என்று எழுதிய காலம் போய், கணினி என்று எழுதும் காலம் வந்து நிலைத்துவிட்டது. பெயர் மாறியது போலவே அதன் பயனும் மாறியிருக்கின்றது. எண்களைக் கூட்டவும் கழிக்கவும் தோன்றிய பொறி, இன்று இளைஞர்களின் ஆடுகளமாகவும் விளங்குகின்றது. தமிழ்த்துறையைச் சார்ந்த ஒருவர் கணினி விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று மூத்தோர் சிலர் வியப்புறலாம். ஒரு குடும்பத்தின் உழைப்பும் ஒரு பிள்ளையின் ஆசையும் எதிரெதிர் நிற்கும் இடம் எதுவாயினும், அது எழுதத்தக்க பொருளே என்பது என் கருத்து.

காரைக்கால் நகருக்கு வடக்கே, கோட்டுச்சேரியை அடுத்துள்ள வரிச்சிக்குடி எங்கள் ஊர். ஒருபுறம் வயல், மறுபுறம் கடற்காற்று. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இப்பகுதியில், கடல் கடந்து பொருள் தேடுவது பல தலைமுறைப் பழக்கம். என் தங்கையின் கணவரும் வளைகுடா நாட்டில் பணிபுரிகின்றார். 2012-இல் விடுமுறையில் வந்தபோது மகனின் படிப்புக்கென்று ஒரு மேசைக் கணினி வாங்கிக் கொடுத்தார். இன்டெல் கோர் ஐ3-2120 செயலி, 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். அன்றைய நிலையில் அது எளிய குடும்பத்தின் கைக்கெட்டிய பொருள்.

2024-இல் அப்பிள்ளை பாலிடெக்னிக்கில் பயிலும் இளைஞன். புதிய விளையாட்டுகளை ஆட 80,000 ரூபாயில் புதிய கணினி வேண்டும் என்று தந்தையிடம் தொலைபேசியில் கேட்டான். அவர் மறுக்கவில்லை. “அனுப்பி வைக்கிறேன்” என்றார். மறுநாள் தங்கை என்னிடம் வந்து கண்கலங்கினாள். “வீட்டுக் கடன் அடைந்தால் ஊர் திரும்பிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நானா. இந்தப் பணமும் போனால் அந்த நாள் இன்னும் தள்ளிப் போகும். நீங்கள் சொன்னால் கேட்பான்” என்றாள்.

அவனைக் கடிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறையில் தந்தை அலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவார். அப்போது மகன் தான் ஆடும் கால்பந்து ஆட்டத்தை அவருக்குக் காட்டுவான். ‘கோல்’ விழுந்தால் அங்கே அவரும் இங்கே இவனும் ஒருசேர ஆர்ப்பரிப்பர். மகன் வளர்ந்த பருவத்தை உடனிருந்து காணாத தந்தைக்கு அந்த அரைமணி நேரமே உடனிருத்தல். அந்த ஆட்டமோ பழைய கணினியில் திக்கித் திணறியது. ஆகவே அவன் கேட்டது முழுதும் வீண் ஆசை என்று தள்ளிவிட இயலவில்லை.

“இது பழசு, மாமா. தூக்கிப் போட வேண்டியதுதான்” என்றான்.

“எந்தப் பாகம் பழசு?” என்று கேட்டேன். அவனிடம் விடை இல்லை.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்தை நாட வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் உரைக்கின்றார். அம்முறை மனித உடலுக்கு மட்டும் உரியதன்று. காரைக்காலில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் கணினியைக் கொண்டு சென்றோம். தாய்ப்பலகை என்று நான் வகுப்பில் சொல்வதை அவர் மதர்போர்டு என்பார். பெயர் எதுவாயினும் அவர் விளக்கியது தெளிவாக இருந்தது. பெட்டியைத் திறந்தால் பஞ்சு போல் தூசி. உப்புக் காற்றில் திருகாணிகள் துருவேறியிருந்தன. செயலியின் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து மண்ணாகியிருந்தது. அவற்றைத் துடைத்துப் புதுப் பசை இட்டதும் சூடு தணிந்தது. முதல் மருத்துவத்திற்குச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை.

அடுத்து ஆட்டத்தை ஓடவிட்டு, எந்தப் பாகம் முழுச் சுமையில் திணறுகின்றது என்று திரையிலேயே காட்டினார். 4 ஜி.பி. ராம் நிரம்பி வழிந்தது. நினைவகத்தில் இடமின்றிக் கணினி ஹார்ட் டிஸ்கை நாட, சுழலும் தட்டில் தரவைத் தேடி எடுப்பதற்குள் ஆட்டம் நின்றது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமையால் படம் வரையும் பணியும் செயலியின் தலையிலேயே விழுந்தது. இரண்டே உட்கருக்கள் கொண்ட செயலி எத்தனைச் சுமையைத்தான் தாங்கும்?

நோய் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. பழைய செயலியின் இடத்தில் அதே குழியில் பொருந்தும் ஐ7-3770. 2012-இல் வெளிவந்த அது நான்கு உட்கருக்கள் உடையது. பயன்படுத்தியதை 3,500 ரூபாய்க்கு வாங்கினோம். அதனை ஏற்கும்படி மதர்போர்டின் பயாஸ் மென்பொருளை முன்னதாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 16 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம் 1,800 ரூபாய். இரண்டு குழிகளிலும் இணையாக இட்டால்தான் முழு வேகம் கிட்டும். 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 2,900 ரூபாய்.

ஒரு காலத்தில் வானொலி உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற சென்னை ரிச்சி தெருவில், பயன்படுத்திய ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு 7,000 ரூபாய்க்குக் கிடைத்தது. கடையிலேயே அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தோம். மதர்போர்டின் குழி ஒரு கார்டுக்குத் தரக்கூடிய மின்சாரம் 75 வாட். அந்த அளவுக்குள் இயங்குவதாலேயே இக்கார்டைத் தேர்ந்தோம். ஆயினும் பழைய பவர் சப்ளையை நம்பவில்லை. மலிவுப் பெட்டிகளில் மேலே அச்சிட்ட வாட் அளவு ஒன்றாகவும் உள்ளே தருவது வேறாகவும் இருப்பதுண்டு. அது பழுதானால் மற்றப் பாகங்களையும் உடன் அழைத்துச் செல்லும். 80 பிளஸ் முத்திரை பெற்ற புதியது ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கினோம்.

மொத்தம் 18,400 ரூபாய். கேட்ட தொகையில் 61,600 ரூபாய் மிஞ்சியது. அது வீட்டுக் கடனில் சேர்ந்தது. நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு படங்களாக இழுத்துக்கொண்டிருந்த கால்பந்து ஆட்டம் இப்போது 60 படங்களாக ஓடுகின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை அப்பால் இருந்தவர், “புதிது வாங்கிவிட்டாயா?” என்று கேட்டாராம்.

ஆயினும் எல்லாம் கைகூடியது என்று சொல்வது உண்மையாகாது. சைபர்பங்க் 2077 என்னும் ஆட்டத்திற்கு 2023-இல் திருத்தி அறிவித்த குறைந்தபட்சத் தகுதியே ஐ7-6700 செயலியும் ஜி.டி.எக்ஸ். 1060 கார்டும் ஆகும். 2024 டிசம்பரில் வெளிவந்த இண்டியானா ஜோன்ஸ் ஆட்டம், ஒளிக்கதிர்களைக் கணிக்கும் தனியமைப்பு உடைய கார்டு இல்லாவிடில் இயங்காது. ஏ.வி.எக்ஸ்.2 எனும் கட்டளைத் தொகுதியை இன்டெல் செயலிகள் 2013-இல்தான் பெற்றன. அதனைக் கோரும் சில ஆட்டங்கள் எங்கள் செயலியில் தொடங்கவும் மாட்டா. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இக்கணினிக்கு இல்லை. அதனால் இப்போது லினக்ஸுக்கு மாறும் வழியைத் தானே கற்று வருகின்றான். எல்லை எங்கே என்று அவனுக்குத் தெரிகின்றது. புதிது வாங்கும் நாள் வரும்போது, எதற்காக வாங்குகின்றோம் என்பதும் தெரிந்திருக்கும்.

இது ஒரு வீட்டுக் கணக்கு மட்டுமன்று. உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பு சார்ந்த 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. ஒரு பாகம் தளர்ந்தமைக்காக ஒரு பொறி முழுவதையும் குப்பையில் எறிவது, அக்குவியலில் நாமும் ஒரு கூடை கொட்டுவதாகும். வீண்விரயம் ஆகாது என்று நம் பெரியோர் சோற்றுப் பருக்கைக்குச் சொன்னது சிலிக்கான் சில்லுக்கும் பொருந்தும்.

பெற்றோருக்கும் பெரியோருக்கும் ஒன்று சொல்ல விழைகின்றேன். பிள்ளையின் ஆசையைக் கேட்டவுடன் ‘கூடாது’ என்பது எளிது. ‘சரி’ என்று பணத்தை அனுப்பிவிடுவதும் எளிது. இரண்டிலும் பிள்ளை கற்பது ஒன்றுமில்லை. அவனோடு அமர்ந்து, எது தேவை, எது மிகை, எது இப்போது, எது பின்னர் என்று கணக்கிடுவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் ஊர் திரும்பும் நாளிலிருந்து கழிக்கப்பட்டது. அதைச் செலவிடுமுன் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.