ஐந்தாவது டயர்

“மாமா, டயர் மாத்தப் போறேன். கூட வர்றீங்களா?” என்று அக்கா பையன் கூப்பிட்டபோது, அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். நம் ஊரில் பழைய டயர் வழுக்கையாகிவிட்டால் அதே சைஸில் புதுசு போடுவோம், முடிந்தது விஷயம். அமெரிக்காவில், அதுவும் ஸால்ட் லேக் சிட்டியில் பிக்கப் வண்டி வைத்திருக்கும் முப்பது வயசுப் பையனுக்கு அது பெண் பார்க்கிற வைபவம்!

அவனிடம் இருப்பது 2013 மாடல் டொயோட்டா டகோமா. முன்னால் ஸீட், பின்னால் திறந்த பெட்டி. 2022-ல் நம் ஊருக்கு வந்த ஹைலக்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ் பார்க்கிங்கில் சாதுவாக நிற்கும். சனிக்கிழமையானால் பாறை ஏற வேண்டும். அதற்கு வண்டியோடு வந்த டயர் போதாதாம்.

டயரின் பக்கத்தில் 265/70R16 என்று எழுதியிருந்தது. முப்பது வருஷம் வண்டி ஓட்டிய எனக்கு அன்றுதான் அதன் அர்த்தம் புரிந்தது. அகலம் 265 மில்லிமீட்டர். அதில் 70 சதவிகிதம், ரிம்முக்கு மேல் நிற்கிற ரப்பரின் உயரம். ரிம் 16 இஞ்ச். கூட்டிக் கழித்தால் டயரின் மொத்த உயரம் 777 மில்லிமீட்டர், அதாவது முப்பதரை இஞ்ச் சொச்சம். பையன் ஆசைப்பட்டது 35 இஞ்ச்!

கடையில் இருந்த கிழவர் நிதானமானவர். “போடலாமே” என்றார். “வண்டியைத் தூக்கணும். மட்கார்டை வெட்டணும். என்ஜின் திணறும், அதனால் அச்சில் இருக்கிற கியரை மாற்றணும். பிரேக்குக்கும் வேலை கூடும்...” அவர் விரல் மடக்க மடக்க, பையனின் முகம் சுருங்கியது. கடைசியில் 285/70R17-ல் வந்து நின்றான். உயரம் 831 மில்லிமீட்டர். நிஜத்தில் 32.7 இஞ்ச், பேச்சு வழக்கில் 33.

இதில் ஒரு வேடிக்கை. டயர் இரண்டு இஞ்ச் பெரிசானால் வண்டியின் அடிவயிறு ஒரு இஞ்ச்தான் உயரும். மீதி ஒரு இஞ்ச் அச்சுக்கு மேலே போய்விடுகிறது, மட்கார்டை முட்டுவதற்கு! ஸ்பீடாமீட்டர் 60 மைல் என்று காட்டும்போது வண்டி நிஜத்தில் 64-ல் ஓடும். போலீஸ்காரரை நிறுத்தி வைத்து இந்தக் கணக்கை விளக்க முடியுமா?

பையன் வழுக்கி விழுந்தது ரிம்மில்தான். வண்டியோடு வந்த ரிம், மட்கார்டுக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. “கிட்டத்தட்ட அதே மாதிரி வாங்கு” என்றார் கிழவர். இவன் கண்ணில் பட்டதோ, 40 மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற கறுப்பு ரிம். மாட்டிப் பார்த்ததும் வண்டி தோளை விரித்த பயில்வான் மாதிரிதான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வாசலில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்ததும் கிர்ர்ர்ரென்று ஒரு சத்தம். வெளியே தள்ளி நிற்கிற சக்கரம் திரும்பும்போது பெரிய வட்டம் போடுமாம். உள்ளே பாடியைத் தாங்குகிற இரும்பில் உரசுகிறது.

“டயர் நாலா, அஞ்சா?” என்று கேட்டார் கிழவர்.

“நாலு.” ரிம்மிலேயே காசு தீர்ந்துவிட்டது.

“ஸ்டெப்னிக்கு?” என்றாள் பையனின் மனைவி.

“பழசு இருக்கே. அடியில தொங்கறதை யார் பார்க்கப் போறா?”

மே மாதம் மூன்று பேரும் மோவாபுக்குப் புறப்பட்டோம். தெற்கே நாலு மணி நேர டிரைவ். கொலராடோ நதிக்கரையில் சின்ன ஊர். சுற்றிலும் யாரோ செங்கல்லைப் பொடித்துக் கொட்டி மலையாக்கின மாதிரி சிவப்புப் பாறைகள். 1952-ல் சார்லி ஸ்டீன் என்கிற ஆசாமி, கடனும் பட்டினியுமாக அலைந்து, இந்த ஊருக்குத் தெற்கே யுரேனியம் கண்டுபிடித்தார். சுரங்கத்துக்கு ‘மி விதா’ என்று பேர் வைத்தார்; ஸ்பானிஷில் ‘என் வாழ்க்கை’. அவ்வளவுதான், ஊரே யுரேனியத்துக்குக் கிளம்பிவிட்டது. அவர்களுக்காகப் பாறையைக் குடைந்து போட்ட ரோடுகளில்தான் இன்றைக்கு நம்மவன் மாதிரி ஆட்கள் லீவு நாளில் உடம்பைக் குலுக்கிக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் அந்தக் காலத்து வில்லீஸ் ஜீப்பின் டயர் அகலம் ஆறே இஞ்ச்!

கேன்யன்லாண்ட்ஸ் பூங்காவில் பெர்மிட் வாங்கிக்கொண்டு ஷேஃபர் பாதையில் இறங்கினோம். செங்குத்துச் சுவரில் கொடி படர்ந்த மாதிரி ரோடு. ஏறத்தாழ 1,500 அடி இறக்கம். தடுப்புச் சுவர் என்கிற கெட்ட பழக்கமெல்லாம் அங்கே கிடையாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓட்டுகிறவன் மூடாமல் இருந்தால் சரி.

இறங்குவதற்கு முன் நாலு டயரிலும் காற்றை 36 பவுண்டிலிருந்து 20-க்கு இறக்கினான். எனக்குத் திக்கென்றது. ஆனால் பலன் கண்கூடாகத் தெரிந்தது. காற்று குறைந்ததும் டயரின் பாதம் நீண்டு, கல்லை மிதிக்காமல் தழுவிக்கொண்டு போகிறது. பல்லாங்குழி ரோட்டில் பாதி உதறல் காணோம். அத்தனை டாலர் கொட்டி வாங்கிய இரண்டு இஞ்சைவிட, செலவே இல்லாத இந்த 16 பவுண்டு காற்றுதான் அன்றைக்கு அதிகம் உழைத்தது என்பது என் கட்சி. ஒரே ஒரு சங்கடம். காற்று இறங்கின டயர் பக்கவாட்டில் தொப்பை போடும். நம் டயர்தான் ஏற்கெனவே வெளியே நிற்கிறதே!

கீழே ஒயிட் ரிம் பாதையில் மஸல்மன் ஆர்ச் என்கிற கல் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எதிரே ஒரு ஜீப். வழி விட ஓரம் ஒதுங்கினோம். வலது பின் சக்கரம் ஒரு பாறை விளிம்பை உரசியது. உஸ்ஸ்ஸ்... டயரின் பக்கவாட்டில் மூன்று விரல் நீளக் கிழிசல். தரையில் படுகிற இடத்தில் ஆணி குத்தினால் பஞ்சர் திரியைச் சொருகி ஒப்பேற்றலாம். பக்கவாட்டுக் கிழிசலுக்கு எந்த வைத்தியமும் கிடையாது.

மத்தியான வெயில். போனில் சிக்னல் இல்லை. வழியில் பொட்டுத் தண்ணீர் கிடைக்காது. வண்டியை இழுத்துப் போக ஆள் வந்தால் ஆயிரம் டாலருக்கு மேல். பையனின் மனைவி பின் ஸீட்டுக்கு அடியிலிருந்து மௌனமாக ஒரு கேன் தண்ணீரை எடுத்து வைத்தாள். அந்த மௌனத்துக்குத் திட்டே தேவலை.

பழைய ஸ்டெப்னியை இறக்கிப் பின்னால் மாட்டினான். பெரிய டயருக்குப் பக்கத்தில் அது பொம்மை மாதிரி இருந்தது. நட்டை முறுக்கி நிமிர்ந்தபோது, எதிரே வந்த ஜீப்காரர் நடந்து வந்தார். பார்த்ததும் தலையை ஆட்டினார்.

“பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளுது. ஒரே அச்சில் ஒரு சக்கரம் பெரிசு, ஒன்று சின்னது என்றால், நேர் ரோட்டில்கூட இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். நடுவிலே இருக்கிற பல் சக்கரங்கள் ஓயாமல் தேய்ந்து சூடேறிடும். சின்னதை முன்னால் போடு. நாலு சக்கர டிரைவையும் தொடாதே.”

ஆக, மறுபடி ஜாக்கி. முன் சக்கரத்தைக் கழற்றிப் பின்னால், பின்னால் மாட்டியதை முன்னால். ஒரு பஞ்சருக்கு இரண்டு சக்கரம் மாற்றின பெருமை எங்களுக்கு! ஜீப்காரரின் டயரை நைஸாகப் பார்த்தேன். வண்டியோடு வந்த அதே சைஸ். பின் கதவில் தொங்கிய ஸ்டெப்னியும் அதே.

நாலு சக்கர டிரைவ் இல்லாமல் ஷேஃபர் சுவரில் ஏற தைரியம் வரவில்லை. ஏற்றம் குறைந்த பொட்டாஷ் ரோடு வழியாக, நதியோரமாக ஊர்ந்தோம். வண்டி வலது தோளைச் சாய்த்துக்கொண்டு, நொண்டி மாடு மாதிரி நடந்தது. வழியில் பாலைவனத்துக்கு நடுவே பளீரென்று நீலக் குளங்கள்! பொட்டாஷ் உப்பு எடுக்கிற பாத்திகள். தண்ணீர் சீக்கிரம் ஆவியாகட்டும் என்று சாயம் கலக்கிறார்களாம். வேறு நாளாக இருந்தால் இறங்கி போட்டோ எடுத்திருப்போம். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. ‘தெல்மா அண்ட் லூயிஸ்’ படத்தில் காரோடு பள்ளத்தில் பாய்வார்களே, அந்த இடமும் இந்தப் பக்கம்தான் என்று பையன் மெல்லச் சொன்னான். மனைவி பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டான்.

தார் ரோடு வந்ததும் சின்னப் பம்பை வைத்துக் காற்று ஏற்றினான். இறக்கினபடியே வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஏகப்பட்ட நேரம் பிடித்தது. மோவாபில் விளக்கு போட்ட பிறகுதான் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் அங்கேயே ஒரு கடையில் டயர் வாங்கினான். ஒன்றல்ல, இரண்டு. ஸ்டெப்னிக்கு மலிவாக ஓர் இரும்பு ரிம்.

நான் ஊர் திரும்பிய பிறகு போன வாரம் போன் செய்தான். “துருத்தின ரிம்மை வித்துட்டேன் மாமா. அடக்கமானதா போட்டாச்சு.”

“ஸ்டெப்னி?”

“பெட்டிக்கு அடியில இடம் பத்தலை. காத்தை இறக்கித்தான் சொருகியிருக்கேன்.”