வாயிலில் நின்ற தோடி

திருவாவடுதுறைத் தோன்றலே! நாயனமாம் நாதசுரத்தில் தோடி இராகத்தை ஆண்ட கோவே! 1956 டிசம்பர் 12இல், மார்கழி பிறக்குமுன், சென்னை மாநகரில் நீ கண்மூடினாய். உன் நாயனத்தின் சீவாளி உலர்ந்தது, அணசு ஒலியிழந்தது. இராஜரத்தினம் என்னும் பேர் மட்டும் எஞ்சிய உலகில் என் செய்வோம் யாம்?

வீதியே உனக்கு அரங்கு. தேரடியிலும் தெப்பக்கரையிலும் தீவட்டி ஒளியில் ஓர் இராகம் விடியளவும் வளரும். வண்டி கட்டி வந்தோர் வைகறையிலும் எழார். அவ்விரிவைச் செவியேற்றே வாய்ப்பாட்டினர் ஆலாபனை வளர்த்தனர். பாடகர் ஜி.என்.பி.யின் பிருகாக்களில் உன் நாயனத்தின் சாயலுண்டு என்பர் கேட்டறிந்தோர். கொண்டது குரல், கொடுத்தது குழல். கொண்டவர்க்கு மேடை வாய்த்தது, கொடுத்தவனுக்கு வாயில். நாயனம் மங்கலத்துக்கு உரியது, மண்டபத்துள் அதன் முழக்கம் அடங்காது என்றனர் அளவுகோல் ஏந்தியோர். வீணைக்கு ஒலிபெருக்கி வைக்கத் தெரிந்தவர்கள்தாம், ஐயா!

நீயோ அவர் சொல்லுக்குப் பணிந்தாயல்லை. குறுகிய திமிரி நாயனத்தின் உச்சச் சுருதியைத் தாழ்த்த, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் கைத்திறத்தால் நெடிய பாரி நாயனம் கண்டாய். ஒத்துக் குழலை நீக்கி, சுருதிக்குத் தம்பூராவை மீட்டச் செய்தாய். குடுமி களைந்து கிராப்பு வைத்தாய். நின்று ஊதிய மரபில் வந்தவன், அமர்ந்து வாசித்தாய். செருக்கு என்றனர். செருக்கேதான்! நிமிர்ந்து நிற்கவே ஒருவனுக்கு அத்துணைச் செருக்கு வேண்டியிருந்த காலத்தை அன்றோ நோகவேண்டும்.

சென்னை இசைவிழாவின் மார்கழி மேடையே, உன்னை என்னென்பேன்! உன் உயர்விருதாம் சங்கீத கலாநிதிப் பட்டம் நாயனக்காரர் ஒருவரை, திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளையை, இராஜரத்தினம் மறைந்த 1956இல்தான் சேர்ந்தது. அடுத்து ஷேக் சின்ன மௌலானாவைச் சேர 1998 ஆயிற்று. இடையே இராஜரத்தினத்தின் மாணாக்கன் காருகுறிச்சி அருணாசலம், அகவை ஐம்பது காணாமல், 1964இல் மாய்ந்தனன். தெருவெல்லாம் கேட்ட குழல் அது. உன் செவிக்கு மட்டும் எட்டவில்லை.

இராஜரத்தினமே, இன்றும் விழா தொடங்க நாயனம் வேண்டும். அதை ஊதுவோர் ஊதுகையில் நாற்காலிகள் வெறிச்சோடும். சிற்றுண்டிச்சாலையில் கூட்டம் நெரியும். பின்னர்ப் பாடகர் அமர்ந்து தோடி தொடுப்பார். அவர் பிடிக்கும் பிடிகளிலே உன்னுடையவை எத்தனை, ஐயா! அவையோர் 'ஆகா' என்பர். அந்த 'ஆகா'வில் உன் பங்கை எவரிடம் கேட்டு வாங்குவோம், நீயும் இல்லாத இந்நாளில்?