முந்நூறு கிலோ திராட்சையும் முப்பத்தெட்டு நிமிஷமும்

பாஸ், ஒரு சின்னக் கணக்கு போடலாமா? லண்டன்ல ஒரு ராப் கச்சேரிக்கு டிக்கெட் 120 பவுண்டு. நம்ம காசுல பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல. கம்பத்துல எங்க அப்பா தோட்டத்துப் பன்னீர் திராட்சை கிலோ நாற்பது ரூபாய்க்குப் போகுதுனு வெச்சுக்கோங்க. ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை கிலோ?

முந்நூறு கிலோவுக்கு மேல! பந்தலுக்குக் கீழ நின்னு, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, கொத்துக் கொத்தா வெட்டி எடுத்த முந்நூறு கிலோ.

இந்தக் கணக்கை டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும். நான் போட்டது கச்சேரி முடிஞ்சு, பசியோட வீட்டுக்குத் திரும்புறப்போ!

‘கம்பத்துப் பையனுக்கும் ராப்புக்கும் என்னடா சம்பந்தம்?’னு கேட்பீங்க. இருக்கு பாஸ். சின்ன வயசுல எங்க மாமா பையன் செல்போன்ல ஒரு பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா 2006-ல கொண்டுவந்த ‘வல்லவன்’ ஆல்பத்துல வர்ற ‘மடை திறந்து’. அதோட மூலம் 1980-ல வந்த ‘நிழல்கள்’ படத்துல இளையராஜா போட்ட மெட்டு. ராஜா சாருக்குச் சொந்த ஊர் பண்ணைப்புரம். எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா எட்டிப் பிடிக்கிற தூரம். நம்ம பக்கத்து ஊர்க்காரர் மெட்டு மலேசியா போய், பேன்ட்டைத் தொளதொளனு மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம்.

அப்புறம் மதுரையில இன்ஜினீயரிங். ஹாஸ்டல். கணக்குப் பேப்பர்ல மூணு தடவை அரியர். மூணாவது தடவை ரிசல்ட் வந்த அன்னைக்கு, வீட்டுல என்ன சொல்றதுனு தெரியாம கம்பம் பஸ்ல ஜன்னலோரமா உட்கார்ந்திருந்தேன். காதுல ஒரு அமெரிக்க ராப்பரோட பாட்டு. தோத்துப்போனவன் மறுபடி எழுந்து நிக்கிறதைப் பத்தின பாட்டு. பாதி வார்த்தை புரியலை. ஆனா, மதுரையில இருந்து கம்பம் வரைக்கும் அந்த ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். வீட்டுல இறங்கி, அப்பா முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். நாலாவது தடவை பாஸ் பண்ணினேன்.

அந்த ராப்பர் பேர் மட்டும் வேண்டாம். சொன்னா உங்கள்ல பாதிப் பேர் என்கூட சண்டைக்கு வருவீங்க!

2024-ல லண்டன்ல எம்.எஸ்ஸி. படிச்சிட்டிருந்தேன். ஸ்டூடன்ட் விசாவுல போனவங்க காலேஜ் நடக்குற நாள்கள்ல வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஒரு கடையில அரிசி மூட்டை அடுக்குற வேலை எனக்கு. வாரச் சம்பளத்துல பாதியைத் தூக்கி டிக்கெட்டுக்குக் கொடுத்தேன். ‘அந்த மாசம் வீட்டுக்கு அனுப்புறேன்’னு சொன்ன பணம் அடுத்த மாசத்துக்குப் போச்சு. அப்பாகிட்ட ‘புக்கு வாங்கணும்ப்பா’னு ஒரு பொய்.

அக்டோபர் மாசம். சாயங்காலம் அஞ்சு மணிக்கே வரிசையில நின்னுட்டேன். குளிர்ல காது மரத்துப்போச்சு. ஒன்பது மணிக்கு வர்றதா சொன்னவர் பத்து மணி தாண்டித்தான் வந்தார். வந்துட்டாரேனு எல்லா கோபமும் மறந்து தொண்டை கிழியக் கத்தினேன்.

கறுப்புக் கண்ணாடியைக் கழட்டவே இல்லை மனுஷன். ரெண்டாவது பாட்டுல மைக்கை இறக்கிட்டு நடந்தார். குரல் மட்டும் பாடிக்கிட்டே இருந்துச்சு! நடுவுல ஒரு ஜோக் சொன்னார். அதே ஜோக்கை, அதே இடத்துல நிறுத்தி, அதே மாதிரி சிரிச்சதை முந்தின வாரம் வேற ஒரு ஊர்க் கச்சேரி வீடியோவுல பார்த்திருந்தேன். ஒரு வார்த்தை மாறலை.

சரி, என் பாட்டு வரட்டும்னு காத்திருந்தேன். வந்துச்சு. முதல் சில வரி ஓடிச்சு. உடம்பெல்லாம் புல்லரிச்சு, மதுரை பஸ் ஜன்னல் கண்ணு முன்னாடி வந்து... டப்புனு வெட்டிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிட்டார். மொத்தம் முப்பத்தெட்டு நிமிஷம். கை காட்டாமக்கூட உள்ளே போயிட்டார். விளக்கைப் போட்டாங்க. தரையெல்லாம் காலி கிளாஸ்.

ரயில்ல உட்கார்ந்து யோசிச்சப்போ, எங்கயோ படிச்ச ஒரு கதை ஞாபகம் வந்துச்சு. ஹிப் ஹாப் பிறந்த கதை. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க், பிராங்க்ஸ் பகுதியில ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஸ்கூல் திறக்கப்போகுது, புது டிரெஸ் வாங்கக் காசு வேணும்னு ஒரு பொண்ணு பார்ட்டி வைக்குது. டிக்கெட் பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். பாட்டு போட்டது அவளோட அண்ணன் கூல் ஹெர்க். ஜமைக்காவுல இருந்து வந்த குடும்பம். அப்போ அவருக்கு 18 வயசு. உங்கள்ல பல பேரோட வயசு!

அவர் செஞ்சது என்ன தெரியுமா? ஆடுறவங்களைக் கவனிச்சார். பாட்டுல டிரம்ஸ் மட்டும் தனியா ஒலிக்கிற இடத்துக்காகத்தான் கூட்டம் காத்திருக்குனு கண்டுபிடிச்சார். அந்த இடம் சில விநாடியில முடிஞ்சுடும். அதனால ஒரே ரெக்கார்டை ரெண்டு தட்டுல வெச்சு, மாத்தி மாத்தி ஓட்டி, அந்தத் துண்டை நீட்டினார். ஹிப் ஹாப்புக்கு அதுதான் விதை. எதிர்ல நிக்கிறவனைக் கண்ணால பார்த்த ஒருத்தரால வந்த கலை பாஸ் இது. நான் 120 பவுண்டு கொடுத்துப் பார்த்தவர் எங்களைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தப்போ அங்க நடுராத்திரி. கம்பத்துல விடிகாலை நாலரை. தோட்டத்துக்குக் கிளம்புற நேரம். அப்பாவே கூப்பிட்டார்.

“ஏன்யா, இன்னும் தூங்கலையா?”

“இல்லப்பா. ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போயிருந்தேன்.”

“நல்லாருந்துச்சா?”

‘சூப்பர்ப்பா’னு சொல்ல வாய் வந்துச்சு. அரியர் விஷயத்தையே மறைக்காதவன் இதை மறைக்கிறதானு தோணுச்சு. புக்கு பொய்யில இருந்து எல்லாத்தையும் கொட்டிட்டேன். டிக்கெட் விலையையும்!

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திட்டுவார்னு காத்திருந்தேன். அவர் ஒரு கதை சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்னாடி, சின்னமனூர் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவுக்குப் பெரிய பாடகர் வர்றார்னு போஸ்டர் ஒட்டியிருந்தாங்களாம். இருபது கிலோமீட்டர் இருக்கும், சைக்கிள்ல போயிருக்கார். ராத்திரி ஒரு மணி வரைக்கும் காக்க வெச்சுட்டு, ‘அவர் வரலை’னு மைக்ல சொல்லிட்டாங்க. கூட்டம் சேரைத் தூக்க ஆரம்பிச்சிருக்கு. கரகாட்டத்துக்கு வாசிக்க வந்த நாயனக்காரர் ஒருத்தர், கிளம்பிப் போறதுக்கு மூட்டை கட்டிட்டு நின்னவர், சனங்க முகத்தைப் பார்த்துட்டு மறுபடி நாயனத்தை எடுத்தாராம். விடிய விடிய வாசிச்சாராம். யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் வாசிச்சாராம்.

“அந்தப் பாடகர் மேல எனக்கு இன்னும் கோவம் இருக்குய்யா. ஆனா, அந்த நாயனம் இன்னும் காதுலயே இருக்கு. காசு போனாப் போகுது. பொய் மட்டும் சொல்லாத. சாப்ட்டியா?”

சாப்பிடலை. சொன்னேன். அதுக்குத்தான் திட்டு விழுந்துச்சு!

அடுத்த மாசம் பணத்தைச் சேர்த்து அனுப்பினேன். அந்த ராப்பர் பாட்டு இன்னும் என் போன்ல இருக்கு, அழிக்கலை. மதுரை பஸ்ல என்னைத் தூக்கி நிறுத்தினது அந்தப் பாட்டுதானே? அந்த நன்றி பாட்டுக்கு. இனி எந்தக் கச்சேரிக்கும் போக மாட்டேன்னு சபதமும் எடுக்கலை. டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி கிலோ கணக்கு மட்டும் கண்டிப்பா போடுவேன்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அடுத்த கல்ச்சுரல்ஸ்ல உங்க கைக்கும் ஒரு மைக் வரும். எதிர்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்க நிப்பாங்க. அதுல ஒருத்தன் மூணு அரியரோட, வீட்டுல எப்படிச் சொல்றதுனு தெரியாம நின்னுக்கிட்டிருக்கலாம்.

கூலிங்கிளாஸைக் கழட்டிட்டுப் பாடுங்க பாஸ்!