இரண்டு பரல், ஒரு கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

போன வாரம் இஷாவுக்குப் பிறகு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவன் என்னிடம் படித்த பையன். இப்போது ஷார்ஜாவில் ஒரு எண்ணெய்க் களஞ்சியத்தில் வேலை. படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பரல். ஒன்றில் பரபினிக் என்றும் மற்றதில் நப்தனிக் என்றும் எழுதியிருந்தது. கீழே ஒரு வரி: "சேர், ரெண்டும் மசகு எண்ணெய்தானே, என்ன வித்தியாசம்? சூப்பர்வைசர்ட கேட்டா ஏசுறார்."

இரண்டு நாள் பதில் போடவில்லை. நேரம் இல்லாமல் இல்லை. இந்தப் பிள்ளைக்கும் அவனுடைய வாப்பாவுக்கும் எண்ணெய் விசயத்தில் நான் முன்பு ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். அது பிழையாகப் போனது. (இதை எழுதுவதற்கு அவனிடம் கேட்டேன். "பெயர் மட்டும் போட வேணாம் சேர்" என்றான்.)

2022 மே மாதம். கியூவில் நின்ற காலம் யாருக்கும் மறந்திருக்காது. டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை மூடிக் கிடந்தது. ரஷ்ய எண்ணெய்க் கப்பலொன்று காசு கட்ட வழியில்லாமல் கொழும்புக்கு வெளியே ஒரு மாதத்துக்கு மேல் நின்று, கடைசியில் இறக்கப்பட்டது. சைபீரியன் லைட் என்ற வகை, 90,000 தொன் அளவில். அந்தச் செய்தி வந்த அன்று அஸருக்குப் பிறகு பள்ளி வாசலில் அவனுடைய வாப்பா என்னைப் பிடித்தார். மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய சின்னத் தோணி அவருக்கு. "கப்பல் வந்திட்டாமே சேர். எஞ்சினுக்கு ஒரு ஆள் நல்ல விலை கேக்கான். வித்துப்போடட்டா, வெச்சிக்கட்டா?"

"விக்காதீங்க காக்கா. கப்பல் வந்தா எண்ணெய் வரத்தானே வேணும். பத்து நாள் பாருங்க" என்றேன். ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்? பல வருசமாகக் கரும்பலகையில் ஒரே படத்தைக் கீறி வந்தவன் நான். கீழே எண்ணெயைச் சூடாக்கினால் மேலே வாயு, பிறகு பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல், அடியில் தார். எந்த எண்ணெயை ஊற்றினாலும் அந்தப் படம் மாறாது. அதோடு ஈரான் லைட், சைபீரியன் லைட், இரண்டும் லைட் என்று வேறு ஒரு விளக்கமும் கொடுத்தேன்.

பத்து நாளில் எண்ணெய் வரவில்லை. ஓகஸ்ட் 22இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. அதற்குப் பிறகு அந்த எஞ்சினைப் பாதி விலைக்கும் யாரும் கேட்கவில்லை. மூத்த பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுக் கூலிக்குப் போனான். பரீட்சைக்கு வரவில்லை. மறுகா கடல் கடந்தான்.

டொலர்தான் முதல் காரணம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னது நான்தான். அதனால் இந்த முறை தேடிப் படித்துவிட்டு, அவனுக்குக் குரல் பதிவாகப் பதில் போட்டேன். அதைத்தான் இங்கே எழுத்தில் தருகிறேன்.

முதலில் ஒரு சொல். நிலத்திலிருந்து வரும் சுத்திகரிக்காத எண்ணெயைத்தான் நமது பத்திரிகைகள் மசகு எண்ணெய் என்று எழுதுகின்றன. இயந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெய்க்கும் அதே சொல். அதனால்தான் பையனுக்குக் குழப்பம். இந்தப் பதிவில் முதலாவதை மூல எண்ணெய் என்கிறேன்.

மூல எண்ணெய் என்பது ஒரு பொருளல்ல, ஆயிரக்கணக்கான ஐதரோகாபன்களின் கலவை. அவற்றில் மூன்று குடும்பம் முக்கியம். காபன்கள் சங்கிலியாக நீளமாகக் கோத்திருந்தால் பரபின், அதாவது நாம் படிக்கும் அற்கேன். வளையமாக மூடி, ஒற்றைப் பிணைப்புகள் மட்டும் இருந்தால் நப்தீன். பென்சீன் வளையம் இருந்தால் அரோமற்றிக்கு. இவற்றோடு எந்தக் குடும்பத்திலும் ஒழுங்காகச் சேராத பெரிய கறுப்பு மூலக்கூறுகள், அஸ்பால்ற்றீன்கள். எந்தக் கிணற்று எண்ணெயிலும் எல்லாம் இருக்கும். எது கூட இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

நப்தீன் என்ற பெயரை 1883இல் வைத்தவர் மார்க்கோனிக்கோவ். ஆம் பிள்ளைகளே, அற்கீனுக்கு HBr சேர்க்கும்போது ஐதரசன் எந்தக் காபனுக்குப் போகும் என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அதே மார்க்கோனிக்கோவ்தான். பாகு எண்ணெயை ஆராய்ந்தபோது, அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெயில் நிறைந்திருந்த சங்கிலிகளுக்குப் பதிலாக இந்த வளையங்களைக் கண்டார். அவருடைய விதியை இத்தனை வருசம் படிப்பித்த எனக்கு இது போன வாரம்தான் தெரியும்.

இந்தக் குடும்ப வித்தியாசம் நமது வீட்டு விளக்கிலேயே தெரியும். பரபின் கூடிய மண்ணெண்ணெய் சுத்தமாக எரியும். அரோமற்றிக்கு கூடினால் புகை, சிம்னி கறுத்துவிடும். ருமேனிய நாட்டு மண்ணெண்ணெய்க்கு இந்த வியாதி இருந்தது. 1908இல் எடெலேயானு என்ற அந்நாட்டு இரசாயனவியலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். திரவமாக்கிய சல்பர் ஈரொட்சைட்டோடு மண்ணெண்ணெயைக் கலந்தால் அரோமற்றிக்கு அதில் கரைந்துவிடும், பரபின் கரையாமல் ஒதுங்கி நிற்கும். பிரித்தெடுத்தால் விளக்கு புகையாது. இன்றும் மண்ணெண்ணெய்ச் சோதனையில் புகையாமல் சுடர் எத்தனை மில்லிமீற்றர் உயரம் போகும் என்று அளக்கிறார்கள்.

சரி, எந்த எண்ணெய் எந்தக் குடும்பம் என்று எப்படிச் சொல்வது? பழைய ஆட்கள் வடித்த பிறகு அடியில் மிஞ்சுவதைப் பார்த்தார்கள். மெழுகு மிஞ்சினால் பரபின் வகை, தார் மிஞ்சினால் அஸ்பால்ற் வகை. சீனாவின் டாச்சிங் எண்ணெய் முதல் வகை. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் போத்தலில் உறைவது போல, அந்த எண்ணெய் சாதாரண வெப்பநிலையிலேயே மெழுகு கட்டி நிற்கும். வெனிசுவேலாவின் பொஸ்கான் இரண்டாம் வகை, வீதிக்குப் போடும் தாருக்குப் பேர்போனது.

1935இல் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தைச் சேர்ந்த லேன், கார்ட்டன் என்ற இருவர் இதை எண்ணாக்கினார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். எண்ணெய்க்கு அது போதாது, இரண்டு சோறு பார்க்க வேண்டும் என்பது அவர்களின் முறை. 250 முதல் 275 பாகை வரை கொதிக்கும் துண்டு ஒன்று. 40 மில்லிமீற்றர் தாழ் அமுக்கத்தில் 275 முதல் 300 வரை வடியும் பாரமான துண்டு மற்றொன்று. இரண்டினதும் அடர்த்தியை ஏபிஐ அளவில் பார்ப்பார்கள். அந்த அளவில் தண்ணீர் 10, எண் கூடினால் பொருள் இலேசு. முதல் துண்டு 40 அல்லது மேலே என்றால் பரபின், 33 அல்லது கீழே என்றால் நப்தீன், நடுவில் என்றால் இடைத்தரம். இரண்டாம் துண்டுக்கு 30உம் 20உம் எல்லை. மூன்றும் மூன்றுமாக ஒன்பது சேர்க்கை வரலாம். முன் துண்டு பரபினாகவும் பின் துண்டு இடைத்தரமாகவும் இருக்கும் எண்ணெயும் உண்டு.

ஏன் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும்? இங்கேதான் எனது பிழை இருந்தது. ஒரே வெப்பநிலையில் கொதிப்பவற்றில் சங்கிலி இலேசு, வளையம் அடர்த்தி. ஆகவே துண்டின் அடர்த்தி குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். முழு எண்ணெயின் அடர்த்தி அப்படியல்ல. லைட் என்ற பெயர் மொத்தப் பாரத்தை மட்டும்தான் சொல்கிறது. ஈரான் லைட்டும் சைபீரியன் லைட்டும் ஏபிஐ அளவில் கிட்டத்தட்ட ஒன்று. கந்தகத்தில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்த ஈரான் லைட்டுக்கென்று வடிவமைத்த ஆலை. சைபீரிய எண்ணெய் அதற்கு அவ்வளவு பொருத்தமல்ல என்று அப்போதே செய்தியில் வந்தது. லைட் என்ற சொல்லைக் கண்டதோடு நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

குடும்பம் மாறினால் ஆலையில் கிடைப்பதும் மாறும். பரபின் கூடினால் டீசலும் மண்ணெண்ணெயும் தரமாக வரும், ஆனால் நேராக வடிக்கும் பெற்றோலின் ஒக்டேன் குறைவு. நப்தீன் கூடினால் அந்தத் துண்டை நல்ல பெற்றோலாக மாற்றுவது சுலபம். இதிலும் ஒன்று: மண்ணெண்ணெயும் விமானத்துக்கு அடிக்கும் எரிபொருளும் ஏறத்தாழ ஒரே துண்டு. எனது கரும்பலகைப் படத்தில் விமானமே இருந்ததில்லை.

இனிப் பையனுடைய பரல்கள். பரபினிக் எண்ணெய் சூட்டில் அவ்வளவாக இளகாது, அதனால் வாகன எஞ்சின்களுக்கு அது. நப்தனிக் எண்ணெயில் மெழுகு இல்லையென்றே சொல்லலாம், கடும் குளிரிலும் ஓடும். மின்மாற்றிகளுக்கும் குளிரூட்டும் கொம்பிரசர்களுக்கும் அது. நமது கரையில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஆலைகளில் இந்த வகை எண்ணெயைக் கண்ட ஆட்கள் இருப்பீர்கள். குளிர் இடத்துக்கு மெழுகு எண்ணெயை ஊற்றினால் குழாய் அடைத்துவிடும். அதனால்தான் இரண்டு பரலையும் மாற்றி ஏற்றினால் சூப்பர்வைசர் ஏசுவார்.

குரல் பதிவு பதினொரு நிமிடம் வந்தது. மறுநாள் காலையில் பதில்: "விளங்கிட்டு சேர். இப்பிடி அப்பவே படிப்பிச்சிருந்தா நான் எழும்பியே போயிருக்க மாட்டன்." பக்கத்தில் ஒரு சிரிப்பு அடையாளம். எஞ்சின் கதையை அவன் எடுக்கவில்லை. பதினொரு நிமிடத்தில் நானும் எடுக்கவில்லை.

அவனுடைய வாப்பா இப்போது மற்றவர்களின் போட்டில் கூலிக்குப் போகிறார். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார், ஸலாம் சொல்வார், சுகம் விசாரிப்பார். இந்தப் பதிவை அவர் வாசிக்க மாட்டார், அவரிடம் சின்ன ஃபோன்தான். இன்ஷா அல்லாஹ் இந்த ஜும்ஆவுக்குப் பிறகு நானே போய் அவரிடம் கதைப்பேன்.

வியாழன் பின்னேரம் நான்கு மணிக்கு ஆய்வுகூடம் திறந்திருக்கும். சிம்னி விளக்கு இரண்டு கொண்டு வருகிறேன், ஒன்றின் மண்ணெண்ணெயில் கொஞ்சம் தொலுயீன் கலந்து கொளுத்திப் பார்ப்போம். பழைய சிம்னி வைத்திருப்பவர்கள் தந்துதவுங்கள்.