பட்டியலில் ஏறிய தந்தையார்

நமது தந்தையார் தம் வாழ்நாளில் ஓரெழுத்தும் எழுதியவரல்லர். சம்பள நாளன்று கிராணியின் மேசைமுன் நின்று பெருவிரல் ரேகை வைத்ததே அவர் காகிதத்தோடு கொண்ட உறவு. அத்தகையவர், சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டு ஆராய்ச்சிச் சஞ்சிகையொன்றின் கடைசிப் பக்கத்தில் கட்டுரையாசிரியராக விளங்கக் கண்டோம். தோட்டத் தமிழ்ப் பள்ளியைக் குறித்து நாம் எழுதியதொன்று அவர் பெயரின்கீழ் அச்சாகியிருந்தது. நமது பெயரோ ஒற்றையெழுத்தாகச் சுருங்கி, ஒரு காற்புள்ளிக்குப் பின்னே ஒதுங்கி நின்றது.

இதிலே மோசடி ஒன்றுமில்லை, விதிப்படியே நடந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையின் ஈற்றில் துணைநூற் பட்டியல் இடுவோர், ஆசிரியர் பெயரில் கடைசியாக வரும் சொல்லைக் குடும்பப் பெயரெனக் கொண்டு முதலில் வைப்பர், மற்றதைச் சுருக்குவர். நமது அடையாளக் கார்டிலோ நமது பெயர் முன்னும், 'ஆனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கமான இரண்டெழுத்து நடுவிலும், தந்தையார் பெயர் பின்னும் நிற்கின்றன. கடைசியில் நின்றவர் முதலில் ஏறிவிட்டார். நண்பர் ஒருவர் கதி இதனினும் மோசம். அவர் பட்டியலில் அந்த இரண்டெழுத்தையே குடும்பப் பெயராகச் சூடி நிற்கிறார்!

இவ்விதிகளை வகுத்தவர்கள் நம்மை நினைத்து வகுக்கவில்லை. ஹார்வர்ட் முறை எனக் கேட்டு மாணவர் நடுங்கும் ஆசிரியர்-ஆண்டு முறைக்கு மூலமாகச் சொல்லப்படுவது, எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்னும் விலங்கியல் அறிஞர் 1881-இல் ஓடில்லா நத்தையொன்றின் முட்டையைப் பற்றி எழுதிய கட்டுரை. சிகாகோ சர்வகலாசாலை அச்சகத்தார் தம் விதிநூலை 1906-இல் வெளியிட்டனர். அதன் பதினெட்டாம் பதிப்பு 2024-இல் வந்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தார் விதிகள் 1929-இல் ஏழே பக்கத்தில் அடங்கியிருந்தன. 2019-இல் வந்த ஏழாம் பதிப்போ நானூறு பக்கத்தைத் தாண்டி நிற்கிறது. நாம் நடுவயதில், ஆசிரியத் தொழிலுக்கு இடையே, சர்வகலாசாலை புகுந்தபோது ஆறாம் பதிப்பு நடப்பிலிருந்தது. ஒவ்வொரு நூலும் எந்நகரில் பிரசுரமாயிற்று என்று குறிக்கவேண்டும் என்றது அது. இரண்டு வாரம் நூலகத் தூசியில் புரண்டு நகரங்களையெல்லாம் தேடிச் சேர்த்தோம். சேர்த்து முடித்த சமயம் ஏழாம் பதிப்பு வந்து, நகரமே வேண்டா என்றது! வாசகர்கள் நகைக்கலாம்; அன்று நமக்கு நகைப்பு வரவில்லை.

நகரம் போகட்டும், பெயர் விஷயம் அப்படியன்று. தந்தை பெயரை முன்னே நிறுத்தித் தன் பெயரைப் பின்னே எழுதும் பழைய தமிழ் வழக்கம் இவ்விதிக்குத் தானாகவே பொருந்துகிறது. மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றி 1970-இல் நூல் எழுதிய சின்னப்பா அரசரத்தினம் அவர்களைப் பட்டியலில் அரசரத்தினம் என்ற இடத்திலேயே காணலாம். அடையாளக் கார்டு எழுதியவர்கள் வரிசையை மாற்றியதால் வந்த வினை நம்முடையது. மலாய்ச் சகோதரருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் அவர்கள் பெயரைத் திருப்பாமல் உள்ளபடியே பட்டியலில் இடும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றியிருக்கிறது. தமிழர் பெயருக்கு அம்மரியாதையை யாரும் மறுக்கவில்லை, நாம் கேட்கவுமில்லை.

குடும்பப் பெயர் இல்லாமை ஒரு குறை எனச் சிலர் எண்ணுகின்றனர். 'பாட்டனார் காலத்துச் சாதிப் பட்டத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளும். தொல்லை தீரும்' என்று அன்பர் ஒருவர் நமக்கு உபதேசித்தார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயரின் வாலை அறுக்கத் தீர்மானித்ததே, அதைக் கணினியின் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக மீண்டும் ஒட்டவைப்பதா? அதைவிடக் கட்டுரை தந்தையார் பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றோம்.

திருத்தக் கோரிச் சஞ்சிகையாருக்கு ஒரு முறை எழுதினோம். இதழ் முடிந்துவிட்டது, இனி மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அதன்பின் நாமே முந்திக்கொள்கிறோம். தலைப்பெழுத்தை முன்னிட்டே கையொப்பமிடுகிறோம். 2006-இல் தோன்றிய ஸொட்டெரோ என்னும் பட்டியல் செய்யும் மென்பொருளில் முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் இட வழியுண்டு. இட்டால் அது பெயரைத் திருப்புவதில்லை. 2012 முதல் ஆர்க்கிட் என்ற பெயரால் ஆராய்ச்சியாளருக்குப் பதினாறு இலக்க எண் ஒன்றும் வழங்குகிறார்கள். பெயர் எங்ஙனம் சிதைந்தாலும் எண் சிதையாதாம். நாமும் ஒன்று பெற்றோம். செக்ரோலில் நமது தந்தையாருக்கும் ஓர் எண் இருந்தது.

இவையெல்லாம் சிறிய தொல்லைகள். பெரிய தொல்லை நமது அத்தையாரால் வந்தது.

பள்ளியைப் பற்றி நமது ஆராய்ச்சியில் உயிருள்ள பகுதி அத்தையார் சொன்னதே. லயத்துக் கடைசி அறையில் பள்ளி நடந்ததும், மழை நாளில் பலகையைத் தலைமேல் பிடித்ததும், பெண் பிள்ளைகளைப் பிற்பகலில் புல் வெட்ட அனுப்பியதும் அவர் வாயால் வந்தவை. துணைநூற் பட்டியலில் அவர் பெயரை இட்டிருந்தோம். மேற்பார்வை செய்த பேராசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். நேர்ப்பேச்சைக் கட்டுரைக்குள் குறிக்கலாம். பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது விதி. பட்டியல் என்பது, படிப்பவர் தாமே சென்று பார்த்துச் சரிபார்ப்பதற்காக. அத்தையார் பேச்சை யார் எங்கே போய்ப் பார்ப்பது? நியாயந்தான். அந்நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே பட்டியலில், 'பள்ளி செவ்வனே நடைபெறுகிறது' என்று துரை எழுதிய அரைப்பக்கக் கடிதம் கம்பீரமாக வீற்றிருந்தது. அதற்குக் கோப்பு எண் இருந்தது. புல் வெட்டியவர் அடிபட்டார். வெட்ட அனுப்பியவர் ஆதாரமானார்.

சிங்கப்பூரில் 1979 முதல் அரசாங்கமே முதியோர் வாய்மொழியைப் பதிவுசெய்து எண்ணிட்டுக் காத்து வருவதை அப்போதுதான் அறிந்தோம். எண் இருந்தால் பட்டியலில் இடமுண்டல்லவா? ஒலிப்பதிவுக் கருவியோடு அத்தையாரிடம் திரும்பிச் சென்றோம். நான்கு மாலைகள். கேட்டதைக் கேட்டபடி எழுதி, தட்டச்சிட்டு, அவருக்கு வாசித்துக் காட்டினோம்; இரண்டிடத்தில் திருத்தினார். நூலகம் ஒன்று ஏழு மாதம் யோசித்து ஏற்றுக்கொண்டது. எண் வந்ததைச் சொல்லப் போனபோது அத்தையார் சிரித்தார்.

"என் பேர் எதற்கடா அங்கே? பள்ளிக்கூடத்திலேயே என் பேரை வாசித்தது கிடையாதே."

பதிவேட்டில் ஆண் பிள்ளைகள் பெயர் மட்டுமே இருந்தது என்பதை அன்றுதான் சொன்னார். நான்கு மாலையிலும் சொல்லாதது. நாமும் கேட்கவில்லை.

அவர் காலமான மறு ஆண்டு, நாம் அறியாத ஒரு மாணவியின் ஆய்வேடு நமது கைக்கு வந்தது. வழக்கம்போல் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பினோம். நமது கட்டுரை இப்பொழுதும் தந்தையார் பெயரில்தான் நின்றது. அகர வரிசையில் அவருக்கு இரண்டு வரி மேலே, எண்ணோடு, திருப்பப்படாத தம் சொந்தப் பெயரில், அவர் தங்கை.