ஓரத்தில் நிற்பவர்

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, இடையே முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களின் கண்கள் அகலத்திற்குப் பழகியவை. ஒரு மலையை மட்டும் காட்டி, இதுதான் பள்ளத்தாக்கு என்றால் இங்கே எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

திரைப்படத்திற்கும் இப்படியோர் அகலம் உண்டு. சினிமாஸ்கோப் என்னும் முறை 1953-இல் 'தி ரோப்' என்ற ஆங்கிலப் படத்தோடு அறிமுகமாயிற்று. இயேசுவின் சிலுவைச் சாவை நிறைவேற்றிய உரோமைப் படை அதிகாரி ஒருவன் மனம் மாறும் கதை அது. தமிழில் 1973-இல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்' முதல் சினிமாஸ்கோப் படமாயிற்று. காட்சியைப் பக்கவாட்டில் ஒடுக்கிப் பிலிமில் பதிவு செய்து, திரையிடும்போது மற்றொரு லென்சால் விரிப்பார்கள். அகலம் உயரத்தைப் போல ஏறத்தாழ 2.35 மடங்கு.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியோ நான்குக்கு மூன்று என்ற அளவில் அமைந்தது. அகலப் படத்தை அதில் முழுமையாக நிரப்பினால், நூற்றில் சுமார் 43 பங்கு ஓரங்களில் வெட்டுண்டு போகும்.

இந்தக் கணக்கின் பொருளை எனக்கு உணர்த்தியவர் என் தாயார். எங்கள் ஊர்ப்பக்கம் படம்பிடிக்க வந்தவர்கள் திருவிழாக் கூட்டத்திற்கு ஆள் சேர்த்தபோது என் அண்ணனும் போய் நின்றார். கம்பத்தில் குடும்பத்தோடு சென்று அப்படத்தைப் பார்த்தோம். திரையின் வலது ஓரத்தில், தோளில் துண்டோடு, சில விநாடிகள் சிரித்தபடி நின்றார் அண்ணன். இளம் வயதிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அப்படம் தொலைக்காட்சியில் வந்தபோது அம்மா பெட்டியின் முன் காத்திருந்தார். திருவிழாக் கூட்டம் வந்தது, போயிற்று. "எம்புள்ளயக் காணலையேப்பா?" என்றார். கதாநாயகன் இருந்தார், அண்ணன் நின்ற ஓரம் இல்லை.

பின்னொரு நாள் அதே படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளோடு ஒளிபரப்பாயிற்று. "பாதி டி.வி. வீணாப் போகுதே" என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அம்மா எழுந்து சென்று, கண்ணாடியின் வலது ஓரத்தில் விரல் வைத்தார். பிள்ளைகள் மௌனமானார்கள்.

இன்றைய அகலப் பெட்டிகளும் பதினாறுக்கு ஒன்பது என்ற அளவினவே. அவற்றிலும் சினிமாஸ்கோப் படத்தை நிரப்பினால் ஏறத்தாழக் கால் பங்கு பறிபோகும். நான்குக்கு மூன்று அளவில் எடுத்த பழைய படங்களை இழுத்து நிரப்பினாலோ முகங்கள் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். இழுப்பை நாம் பெட்டியிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஒளிபரப்புவோர் வெட்டியதை நம்மால் ஒட்ட முடியாது.

ஆகவே கறுப்புப் பட்டையைக் குறையென்று எண்ண வேண்டாம். படம் எடுத்தவர்கள் எவரை எங்கே நிறுத்தினார்களோ, அவரை அங்கேயே விட்டுவைக்கும் மரியாதை அது. நடுவில் நிற்பவரை எந்தப் பெட்டியும் காட்டிவிடும். ஓரத்தில் நிற்பவருக்காகவும் ஏதோ ஒரு வீட்டில் இரு கண்கள் காத்திருக்கின்றன.